சிறுதேரும் சிறுபாதையும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் வருவன சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்று பருவங்களாகும். சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதனைக் காலாற் சிதைக்க வருவான். சிதைக்காதே என்று அவர்கள் வேண்டுவர். அது சிற்றில். பின்னர் அவன் சிறுபறை முழக்குவான். அதன்பின் சிறுதேர் உருட்டுவான். அத்துடன் நூல் முடிவுறும். சிறுதேரை உருட்டி முடித்தவன் பிள்ளைப் பருவத்தைக் கடந்தவன். இனி அவனுக்கு விளையாட்டு இல்லை என்பது மரபின் கருத்துப் போலும்.

ஆயினும், சிறுதேர்ப் பருவத்தை விட்டு நீங்க மறுத்த ஒரு கூட்டத்தினர் மேலைநாடுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் குழந்தைகள் அல்லர். குமாஸ்தாக்கள், குருமார், மருத்துவர், காப்புறுதித் தரகர், ஆசிரியர், தொழிலாளர் எனப் பல துறையினர். பகலெல்லாம் தத்தம் கடமையைச் செய்து, இரவு உணவு முடிந்தபின் வீட்டின் ஒரு மூலையில் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, கட்டைவிரலளவான புகையிரத எஞ்சினுக்குச் சில்லுப் பொருத்துவர். தீப்பெட்டியளவான வீட்டுக்குக் கூரை வேய்வர். இஃது வெறும் விளையாட்டா, கைத்தொழிலா, அன்றி வரலாற்றைப் பேணும் ஒரு வழியா என்பது ஆராயத்தக்கது. அதற்கு விடை காணவேண்டின், இச்சிறுபாதை வந்த வழியே சிறிது தூரம் செல்லுதல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1825ஆம் ஆண்டு ஸ்ரொக்ரன் நகருக்கும் டார்லிங்ரன் நகருக்கும் இடையே நீராவி எஞ்சின் இழுத்த பொதுப்பாதை திறக்கப்பட்டது. 1830இல் லிவர்பூல், மான்செஸ்ரர் ஆகிய நகரங்கள் இருப்புப்பாதையால் இணைக்கப்பட்டன. பெரியோரை வியப்பில் ஆழ்த்தும் பொருள் எதுவாயினும் சின்னாளில் அது சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாகிவிடும். மரத்தாலும் ஈயத்தாலும் தகரத்தாலும் செய்த வண்டிகள் கடைகளில் தோன்றின. அவை பெரும்பாலும் நிலத்தில் உருட்டத்தக்கன. தண்டவாளம் உடையன சிலவேனும், ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஆதலின், வாங்கிய பொருள் வாங்கியபடியே இருந்தது, அதற்கு வளர்ச்சியில்லை.

அந்நிலையை மாற்றியவர்கள் ஜேர்மனியின் கேப்பிங்கன் நகரைச் சேர்ந்த மார்க்லின் குடும்பத்தினர். தெயோடோர் மார்க்லின் என்பவர் 1859ஆம் ஆண்டில் பொம்மைவீட்டுக்கு வேண்டிய தகரப் பாத்திரங்களைச் செய்யத் தொடங்கினார். 1866இல் அவர் காலமான பின் தொழிலைத் தாங்கியவர் அவர் மனைவி கரோலின். அம்மையார் தாமே ஊர் ஊராகச் சென்று பண்டங்களை விற்றுத் தொழிலை அழியாது காத்தார். அவர்தம் பிள்ளைகள் தலையெடுத்த காலத்தில், 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரத்து வசந்தகாலச் சந்தையில், சாவி முடுக்கினால் ஓடும் புகையிரதம் ஒன்றை மார்க்லின் நிறுவனத்தார் காட்சிக்கு வைத்தனர். 8 என்னும் எண்ணின் வடிவாக அமைந்த பாதையில் அது ஓடிற்று. வண்டியின் அழகைவிடப் பெரியது அதன்பின் நின்ற கருத்து. தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலத்தை இத்துணை என்று வரையறுத்து, அவ்வளவுகளுக்கு எண்ணிட்டு, பாதையைத் துண்டு துண்டாக விற்றனர். இவ்வாண்டு ஒரு வட்டம் வாங்கிய சிறுவன் அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிளைப்பாதையும் அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையமும் வாங்கிச் சேர்க்கலாம். விளையாட்டுப் பொருள் அன்று முதல் வளரத் தொடங்கிற்று. அதனோடு சிறுவனும் வளர்ந்தான். வளர்ந்த பின்னும் அதைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

வளர்ந்தவரின் மனத்தை நன்கறிந்த வணிகர் ஒருவர் இங்கிலாந்திலே தோன்றினார். நோதம்ரன் நகரிற் கொதிகலன் செய்யும் குடும்பத்தில் 1877இல் பிறந்த வென்மன் யோசேப்பு பசெற்-லோக் என்பவரே அவர். மாதிரிப் பொறி செய்வோருக்கென 1898ஆம் ஆண்டு இலண்டனிற் சஞ்சிகை ஒன்று தோன்றியிருந்தது. வீட்டிலேயே சிறு எஞ்சின் செய்ய விரும்புவோருக்கு வேண்டிய வார்ப்புகளையும் உறுப்புகளையும் தபால் மூலம் விற்கலாம் என்று அவர் கண்டார். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சிக்குச் சென்றவர், அங்கே நூரன்பேர்க் நகரத்துப் பிங் நிறுவனத்தாரின் நுண்ணிய வேலைப்பாட்டைக் கண்டார். ஜேர்மன் தொழிலாளரின் கைத்திறனும் ஆங்கில எஞ்சினின் உருவமும் ஒன்றுசேர்ந்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணினார். ஹென்றி கிறீன்லி என்னும் பொறியியலாளர் படங்களை வரைய, பிங் நிறுவனத்தார் செய்து கொடுக்க, உண்மையான எஞ்சினின் சாயலையுடைய மாதிரிகள் ஆங்கிலேயர் இல்லங்களில் நுழைந்தன. இதற்கு முன் விற்கப்பட்டது ‘ஒரு புகையிரதம்’. இனி விற்கப்பட்டது ‘இந்தப் புகையிரதம்’. நாள்தோறும் தாம் ஏறிச் செல்லும் வண்டியையே ஒருவர் தம் வீட்டு மேசையிற் காணலாயினர். உண்மைப் பொருளோடு ஒப்புநோக்கும் கண் அன்றே திறந்தது.

ஒப்புநோக்குவோர் ஒன்றுகூடவும் தொடங்கினர். 1910ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் மாதிரிப் புகையிரதச் சங்கம் நிறுவப்பட்டது. உலகில் இவ்வகைச் சங்கங்களுள் மிகப் பழையது அதுவே எனக் கூறுவர். ஒருவர் பற்றவைக்க அறிவார். ஒருவர் வண்ணம் தீட்ட அறிவார். ஒருவருக்கு மின்சாரம் தெரியும். இன்னொருவரிடம் பழைய நேர அட்டவணைகள் இருக்கும். வாரம் ஒருமுறை கூடித் தம் அறிவைப் பரிமாறிக்கொள்வதே சங்கத்தின் தொழிலாயிற்று. எசமானும் தொழிலாளியும் ஒரே மேசையில் அருகருகே அமர்ந்து, ஒரு கம்பியின் வளைவைப் பற்றி வாதிட்ட இடம் அக்காலத்து ஆங்கில சமூகத்தில் வேறு பல இருந்தில. வகுப்பு வேற்றுமை மிகுந்த ஒரு நாட்டில் இதனைச் சிறிய செய்தி என்று தள்ளுதற்கில்லை.

முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது ஜேர்மன் பொருள்களின் வரவு நின்றது. யுத்தம் முடிந்தபின் அவ்விடத்தை நிரப்ப முன்வந்தவர் லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹோர்ன்பி. துளையிட்ட உலோகத் தகடுகளை ஆணியால் இணைத்துப் பல பொருள்களையும் கட்டியெழுப்பும் விளையாட்டுக் கருவிக்கு 1901இல் உரிமம் பெற்றவர் அவர். மெக்கானோ என்ற பெயரால் அது உலகெங்கும் அறியப்பட்டது. 1920ஆம் ஆண்டில் அவர் தமது பெயரையே தாங்கிய சாவிப் புகையிரதத்தை வெளியிட்டார். 1936இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின், 1938இல், அவர் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து உணவு மேசைமேல் அடங்கத்தக்க சிறிய அளவிலான புகையிரதம் வெளிவந்தது. சிறு வீடுகளில் வாழ்ந்த நடுத்தர மக்களுக்கும் இருப்புப்பாதை கட்டும் வாய்ப்பு அத்தகைய சிறிய அளவுகளாலேயே கிட்டியது.

இங்கே ஒரு வேடிக்கையான பிழையைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். சிறிய அளவில் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர் என்று வகுக்கப்பட்டது. அவ்வகலத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டுமாயின், எஞ்சினை உண்மையில் 87இல் ஒரு பங்காகச் செய்தல் வேண்டும். ஆனால் ஆங்கில எஞ்சின்கள் ஏனைய நாட்டு எஞ்சின்களைவிட ஒடுங்கியவை. அவற்றுள் அக்காலத்து மின்மோட்டாரை அடக்க இயலவில்லை. ஆகையால் தண்டவாளத்தை அப்படியே விட்டு, எஞ்சினை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பருக்கச் செய்தனர். இதன் பயனாக, 4 அடி 8½ அங்குல அகலமுடைய ஆங்கிலப் பாதை, மாதிரியில் 4 அடி 1½ அங்குலப் பாதையாகச் சுருங்கிற்று. வசதிக்காகச் செய்த இப்பிழை பிரித்தானியாவில் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அதனைப் பொறுக்கமாட்டாத சிலர் 18 மில்லிமீற்றர் அகலத்தில் தாமே தண்டவாளம் செய்தனர். வேறு சிலர் இன்னும் நுணுகி 18.83 மில்லிமீற்றர் வரை சென்றனர். ஒன்றரை மில்லிமீற்றர் வேற்றுமைக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிடுவதா என்று நகைப்போர் உளர். பிழை என்று தெரிந்த பின்பும் அதனுடன் வாழ்வதா, திருத்த முயல்வதா என்பதே அங்கு எழுந்த வினா. அவ்வினா புகையிரதத்துக்கு மட்டும் உரியதன்று.

அமெரிக்காவில் இக்கலை வேறு வழியாக வளர்ந்தது. அங்கு 1934ஆம் ஆண்டு தொடக்கத்தில் மில்வோக்கி நகரில் இக்கலைக்கென ஒரு மாத சஞ்சிகை தோன்றியது; அடுத்த ஆண்டில் அதே நகரிலேயே தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கமும் அமைந்தது. பெரும் பொருளாதார மந்தத்தால் மக்கள் வாடிய காலம் அது. சங்கத்தார் செய்த முதற் பெரும்பணி அளவுகளை ஒழுங்குபடுத்தியமையாகும். சில்லின் விளிம்பு இத்துணை, தண்டவாள இடைவெளி இத்துணை என்று வகுத்து, ஒருவர் கட்டிய வண்டி எவர் வீட்டுப் பாதையிலும் ஓட வழிசெய்தனர். அரசாங்க ஆணையின்றி, இலாப நோக்கின்றி, பொழுதுபோக்காளர் தாமே கூடித் தமக்கு விதிசெய்து தாமே அதற்கு அடங்கினர். இது குடியாட்சியின் ஒரு சிறு பாடம் எனத்தகும்.

இரண்டாம் உலக மகாயுத்தம் வந்தது. பிரித்தானியாவில் 1942ஆம் ஆண்டு தொடக்கத்தில் உலோகத்தால் விளையாட்டுப் பொருள் உற்பத்திசெய்தல் தடைசெய்யப்பட்டது. தொழிற்சாலைகள் யுத்தப்பணிக்குத் திரும்பின. கடைகளில் வாங்குதற்கு ஒன்றுமில்லை. எனினும், அக்காலத்திலேயே இக்கலை புதியதொரு கண்ணைப் பெற்றது என்பது வியப்புக்குரியது. ஜோன் ஆஹெர்ன் என்னும் காப்புறுதித் தரகர் தாம் கட்டிவந்த சிறு பாதைக்கு ‘மாடர் பள்ளத்தாக்கு’ என்று பெயரிட்டார். அப்படி ஒரு பள்ளத்தாக்கு எந்தத் தேசப்படத்திலும் இல்லை. கற்பனையான ஓர் ஆறு, அதன் கரையில் ஒரு துறைமுகம், வளைந்த தெரு, தெருவின் இருமருங்கும் மதுச்சாலை, தேவாலயம், மாவரைக்கும் ஆலை, இவற்றிடையே தள்ளாடிச் செல்லும் ஒரு கிராமப் புகையிரதம். வீடுகளை அவர் பெரும்பாலும் அட்டையாலேயே செய்தார். அவர் மனைவி கிளாடிஸ் துணைநின்றார்.

ஆஹெர்னுக்கு முன் பாதையமைத்தோர் புகையிரதத்தை மட்டுமே செய்தனர். அதனைச் சுற்றியிருந்தது வெறும் பலகை. இருப்புப்பாதை தனித்து நிற்கும் பொருளன்று, ஓர் ஊரின் வாழ்க்கையில் ஓடும் நரம்பு என்பதை அவர் காட்டினார். பாலைக் கொண்டுவரும் குடியானவனும் கடிதம் பெறக் காத்திருக்கும் கிழவியும் இல்லாத இடத்தில் புகையிரதம் ஓடுவது எதற்காக? குண்டு விழுந்து நகரங்கள் இடிந்த ஆண்டுகளில், தகர்க்க முடியாத ஒரு சிற்றூரை அம்மனிதர் அட்டையால் எழுப்பிக்கொண்டிருந்தார். தாம் கற்ற வழிமுறைகளை மறைக்காமற் கட்டுரைகளாகவும் நூல்களாகவும் எழுதி யாவருக்கும் வழங்கினார். 1961இல் அவர் மறைந்தார்.

யுத்தத்தின் பின் வந்த தலைமுறையில் குறிப்பிடத்தக்கவர் பீற்றர் டெனி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு. பக்கிங்ஹாம் என்னும் ஊர் உண்டு. கிரேற் சென்றல் என்னும் புகையிரதக் கம்பனியும் உண்டாயிருந்தது. ஆனால் அக்கம்பனி அவ்வூருக்குத் தன் கிளைப்பாதையை அமைத்ததில்லை. அமைத்திருந்தால் 1907ஆம் ஆண்டளவில் அது எவ்வாறு இருந்திருக்கும் என்று அவர் எண்ணினார். அவ்வொரு வினாவுக்கு விடையாக அவருடைய பாதை பல பத்தாண்டுகள் வளர்ந்தது. குருவானவரின் ஊதியம் சிறிது. ஊர் மாறும்போது வீடும் மாறும். ஆதலின் எஞ்சின் முதல் தண்டவாளம் வரை தம் கையாலேயே செய்தார். கழற்றிப் பூட்டத்தக்கவாறு பாதையை அமைத்தார்.

வண்டியை வட்டமாக ஓடவிடுவது டெனியின் நோக்கமன்று. உண்மை நிலையங்களிற் போலவே நேர அட்டவணை உண்டு. ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்கு மணியடித்து அனுமதி கேட்டல் வேண்டும். மறுமொழி மணி வந்த பின்னரே கைகாட்டி இறங்கும். மறு நிலையத்தில் இருந்து மணிக்கு விடையளித்தவன் அவர் மகன். பிள்ளைகள் வளர்ந்து தம் வழியே செல்வர். தந்தையின் விளையாட்டுக்கு எப்போதும் துணைநிற்க அவர்களால் இயலாது. ஆகவே, மகன் இல்லாத வேளைகளில் அவனுக்குப் பதிலாக மணிக்கு மறுமொழி கூறுதற்கு ஒரு பொறியைச் செய்து, அதற்கு மகனின் பெயரையே டெனி சூட்டினார். கேட்போர் முதலிற் சிரிப்பர். பின்னர்ச் சிறிது மௌனமாயிருப்பர். வளர்ந்து பிரியும் பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் அம்மணியோசையின் பொருள் விளங்கும்.

எல்லாப் பாதைகளுக்கும் நல்லூழ் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மொன்ரறே நகரில் வாழ்ந்த ஜோன் அலன் தமது வீட்டின் நிலவறையில் தரையிலிருந்து கூரைவரை எழும் மலைகளைச் சமைத்து, அவற்றினூடே பாதை அமைத்தார். கண்ணாடிகளைத் தக்க இடங்களில் மறைத்து வைத்து, சிறிய அறையை நெடுந்தூரம் பரந்த நிலமாகத் தோன்றச் செய்தார். அவர் காலத்து மாதிரிகள் பலவும் கடையில் வாங்கிய புதுமை மாறாதிருந்தன. அவரோ துருவும் கரியும் மழைக்கறையும் தீட்டி வண்டிகளுக்கு வயதைக் கொடுத்தார். மரச்சுவரின் ஒவ்வொரு பலகையும் பழகிய தோற்றம் பெற்றது. நண்பர்கள் குறித்த நாளிற் கூடி நேர அட்டவணைப்படி வண்டிகளைச் செலுத்தினர். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் பின் 1973 சனவரியில் அலன் காலமானார். அவர் மறைந்து சில நாட்களுக்குள் அவ்வீட்டில் தீப்பற்றியது. பாதை பெரிதும் அழிந்தது. சிற்றிலைத் தீயே சிதைத்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை அவர் எடுத்த ஒளிப்படங்களும், அவரிடம் கற்றோரின் கைகளில் வாழும் பழக்கமுமே.

அழிந்தபின்னும் வாழ்வது கற்பித்தலே என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியில் 1946ஆம் ஆண்டளவில் மாணவர் சிலர் மாதிரிப் புகையிரதச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மேசையின் மேல் மரமும் மலையும் செய்து மகிழ்ந்தோர் ஒரு பிரிவினர்; மேசையின் கீழே படுத்து, தொலைபேசிக் கம்பனி கொடுத்த பழைய உறுப்புகளால் மின்தொடர்களைப் பின்னி மகிழ்ந்தோர் மற்றொரு பிரிவினர். எந்தப் பாதையில் எந்த வண்டி எப்போது செல்லலாம் என்பதைப் பொறியே தீர்மானிக்குமாறு செய்ய அவர்கள் முயன்றனர். 1950களின் இறுதியில் அக்கல்லூரிக்குக் கணினிகள் வந்தபோது, இரவெல்லாம் அவற்றின்முன் அமர்ந்தவர்களுள் மேசையின் கீழ்க் கிடந்த இம்மாணவர்கள் முதன்மையானோர். மின்தொடரை நுட்பமாகவும் குறும்பாகவும் மாற்றியமைக்கும் செயலுக்கு அவர்கள் வழங்கிய ‘ஹக்’ என்னும் சொல்லிலிருந்தே ‘ஹக்கர்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல் பரவியது. 1962இல் அக்கல்லூரியில் உருவான கணினி விளையாட்டு ஒன்றுக்கு வேண்டிய கைப்பெட்டிகள், சங்கத்திற் கிடந்த பழைய புகையிரத உறுப்புகளாற் செய்யப்பட்டன. விளையாட்டை வீண் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு நேரான விடையைத் தருவது மற்றொரு வரலாறு. ரோய் இங்லண்ட் என்பவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1906இல் பிறந்தவர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளுக்கு ஓடிய கிரேற் வெஸ்ரேன் புகையிரதத்தின்பால் கொண்ட பற்றினால் 1925இல் அந்நாட்டுக்கு வந்தார். சுவிண்டன் நகரின் அயலில், வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் நிலப்பகுதியில் தங்கினார். சுண்ணக் குன்றின் சரிவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட வெண்குதிரை உருவத்தால் அப்பெயர் வந்தது. புகையிரதத்தைக் காணவந்த இளைஞரின் உள்ளத்தை, அங்கிருந்த சிறு வீடுகள் கவர்ந்துகொண்டன. சுண்ணக்கல்லும் செங்கல்லும் மரச்சட்டமும் கலந்த சுவர். அதன்மேல் வைக்கோல் வேய்ந்த தடித்த கூரை. முற்றத்தில் மரக்கறித் தோட்டம்.

அவர் கண்முன்னரே அவ்வீடுகள் மாறத் தொடங்கின. நூற்றாண்டுகள் நின்ற வைக்கோற் கூரையைப் பிடுங்கி எறிந்து அஸ்பெஸ்ரஸ் தகடு போடப்பட்டதை அவர் கண்டார். சிலர் வருந்திப் பேசுவர். சிலர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவர். இங்லண்ட் அளவுகோலை எடுத்தார். வீடுவீடாகச் சென்று அளந்தார்; படமெடுத்தார்; ஒவ்வொரு சுவரின் நிறத்தையும் குறித்தார். பின்னர் அவற்றை 76இல் ஒரு பங்காக அட்டையிற் செய்யத் தொடங்கினார். செங்கற்களை ஒவ்வொன்றாக அட்டையில் கீறி, நீர்வண்ணத்தால் ஒவ்வொன்றையும் வேறுவேறு சாயலில் தீட்டுவது அவர் முறை. கூரை வேய்தற்குச் சணல் நார். உள்ளே எவரும் காணமுடியாத அறையிலும் தளபாடம் உண்டு. ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கான மணிநேரம் செல்லும்.

1954ஆம் ஆண்டில் லோங் விற்றென்ஹம் என்னும் கிராமத்தில் பழைய மதுச்சாலை ஒன்றை அவர் பெற்று, இளைஞர் விடுதியும் நூதனசாலையுமாக நடத்தலானார். பென்டன் நூதனசாலை என்பது அதன் பெயர். செல்வம் இல்லை, துணைக்கு வந்தோர் யாவரும் சம்பளம் பெறாத தொண்டர். கை வில்லியம்ஸ் என்பவர் உலோகத் தகட்டை வெட்டி, அந்நிலப்பகுதிக்குரிய பல பத்து எஞ்சின்களைக் கையாலேயே செய்து வழங்கினார். டாட்மூர் மேட்டுநிலக் காட்சியில், புருனெல் என்னும் பொறியியலாளர் மரத்தால் எழுப்பிய வகைப் பெரும்பாலம் ஒன்று நிற்கிறது. கோர்ன்வால் பகுதியில் அவ்வகைப் பாலங்களுள் இறுதியானது 1934இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆஹெர்ன் மறைந்தபின் அவருடைய மாடர் பள்ளத்தாக்கும் பென்டனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வீட்டின் அறையில் அழிந்திருக்கவேண்டிய பொருள், பிறர் பேண விரும்பியமையால் நிலைபெற்றது. அலனின் பாதைக்கு வாய்க்காத நல்லூழ் இதுவே.

இவர்கள் தம் பணியில் ஆழ்ந்திருந்த ஆண்டுகளில் வெளியே நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் பிரித்தானியப் புகையிரதக் கம்பனிகள் அரசுடைமையாயின. மோட்டார் வாகனம் பெருகப் பெருகக் கிளைப்பாதைகள் நட்டமடைந்தன. 1963 மார்ச்சு மாதத்தில் வெளியான பீச்சிங் அறிக்கை, ஏறத்தாழ 5,000 மைல் நீளமான பாதைகளையும் 2,363 நிலையங்களையும் மூடவேண்டும் என்றது. அவற்றுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1968 ஓகஸ்டுடன் பிரித்தானியாவின் பிரதான பாதைகளில் அரசுப் புகையிரத சேவையின் நீராவி எஞ்சின்கள் ஓய்ந்தன. பாதை பிடுங்கப்பட்ட இடத்தில் முட்செடி முளைத்தது. நிலையம் வீடாயிற்று, அன்றி இடிந்தது. அங்கே ஒரு கைகாட்டி எவ்விடத்தில் நின்றது, மேடை எவ்வளவு நீளம், பாற்பாத்திரங்களை எங்கே அடுக்கினர் என்று அறியவேண்டின், பல இடங்களில் மாதிரி செய்வதற்காக நாடாவுடன் சென்று அளந்துவந்த பொழுதுபோக்காளரின் குறிப்பேட்டையே நாடவேண்டியதாயிற்று.

எனினும், வரலாற்று மாணவன் ஒரு தடையையும் எழுப்புதல் கடன். மாதிரி உண்மையை முழுவதும் கூறுமோ? 76இல் ஒரு பங்கு என்னும் அளவில் ஒரு மைல் 69 அடியாகும். எவர் வீட்டு அறையும் அத்துணை நீளமுடையதன்று. ஆகவே, ஒவ்வொருவரும் சிலவற்றைத் தெரிந்தெடுத்துப் பலவற்றை விடுதல் வேண்டும். விடப்படுவன எவை? வைக்கோற் கூரையின் அழகு மாதிரியில் உண்டு. அக்கூரையின் கீழ்க் குறைந்த கூலியோடும் ஈரச் சுவரோடும் வாழ்ந்த உழவனின் இருமல் அங்கே கேளாது. எஞ்சினின் பித்தளைப் பளபளப்பு உண்டு. பத்துமணி நேரம் நிலக்கரி அள்ளிப்போட்டவனின் முதுகு நோவு இல்லை. கூரைத் தகட்டை விரும்பிப் போட்டவருக்கும் மழை ஒழுகாத வீட்டில் உறங்கவேண்டும் என்ற நியாயம் இருந்தது. பழமை முழுவதும் இனிமையன்று.

இத்தடை சரியானதே. ஆனால், நூல் எழுதும் வரலாற்றாசிரியரும் தெரிந்தெடுத்து விடுபவரே அன்றோ? அவர் விட்டது எது என்று வாசகருக்கு எளிதிற் புலப்படாது. மாதிரி செய்பவரோ ஓரளவில் அவரைவிட நேர்மைக்குக் கட்டுப்பட்டவர். ‘வீட்டின் பின்புறம் ஒரு கொட்டில் இருந்தது’ என்று எழுத்தாளர் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடலாம். மாதிரி செய்பவர் அக்கொட்டிலின் கதவு எப்பக்கம் திறந்தது என்பதை அறியாமல் அடுத்த வேலைக்குச் செல்ல இயலாது. அறியாமையைச் சொல்லால் மூடலாம். அட்டையால் மூட முடியாது. அதனாலேயே அவர் கிழவர்களைத் தேடிச் சென்று கேட்கிறார். பழைய படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்க்கிறார். அரசர் போர்களும் மந்திரிசபைகளும் நிரம்பிய நூல்களில் இடம்பெறாத கதவுக்கும் கொட்டிலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் சான்று தேடுகிறார்.

காலம் மாறியும் இக்கலை மறையவில்லை. 2001ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் தொடங்கிய சிற்றுலகக் காட்சி ஒன்று, பல நாட்டு மக்களையும் ஈர்க்கும் பெருங்காட்சியாக வளர்ந்துள்ளது. அங்கே வண்டிகளைக் கணினிகள் செலுத்துகின்றன. ஆயினும், ஒரு வீட்டின் மூலையில் ஒரு விளக்கின் கீழே நிகழும் பணி அன்றுபோலவே இன்றும் மெதுவாக நடைபெறுகிறது. ரோய் இங்லண்ட் 1995ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளத்தாக்குக் காட்சி அவர் காலத்தில் முடிவுறவில்லை. அவரை நேரிற் கண்டறியாத தொண்டர் அதனைத் தொடர்ந்து செய்துவருகின்றனர். தம் வாழ்நாளில் முடியாது என்று தெரிந்தே ஒரு வேலையைத் தொடங்குவதும், தாம் தொடங்காத வேலையைப் பிறர் முடிப்பதும் கோயில் கட்டியோர் காலத்தோடு ஒழிந்துவிட்டன என்று கருதுவோர் அக்கிராமத்துச் சிறு நூதனசாலையை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பிள்ளைத்தமிழிற் சிறுமியர் கட்டிய சிற்றில் சிதைந்துபோம். பெரியோர் வாழும் பேரில் நிலைத்திருக்கும். உலக வழக்கும் அதுவே. வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கில் அவ்வழக்கு மாறிற்று. பேரில்கள் பல உருமாறின, சில மறைந்தன, உள்ளங்கையில் அடங்கும் சிற்றில்கள் நிலைத்து நிற்கின்றன. அவற்றின் அருகே சிறுதேர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனை உருட்டுவோர் பிள்ளைப் பருவத்தைக் கடக்க மறந்தவர் அல்லர். பெரியோர் கைவிட்டதைப் பிள்ளைகளின் கருவியாற் காத்தவர்.